அரளியைப் பிடுங்கும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள்

எங்கள் அடுக்ககத்தில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வரிசையாகச் செவ்வரளி நிற்கிறது. வருஷம் பூராவும் பூக்கும், ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. நாற்கரச் சாலைகளின் நடுவில் இதையே நட்டு வைத்திருப்பதும் அதனால்தான். போன மாதம் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு செய்தியைப் போட்டார். கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்க்க வேண்டாம் என்று கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு முடிவெடுத்த செய்தி. அது நடந்தது 2024 மே மாதம். தேதியை யார் பார்க்கிறார்கள்? அன்று சாயங்காலத்துக்குள் ஓட்டெடுப்பு நடந்து, எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்குவது என்று தீர்மானமே ஆகிவிட்டது.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். டெல்டாப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில், பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் குழந்தைகள் வார்டிலேயே கழித்தவள். அதனால் எப்போதும் போல, "சிஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என் பக்கம் திரும்பினார்கள். அரளி விஷம்தான், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து அந்தச் சுவர் ஓரத்தில் இல்லை, சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கிறது என்று எழுதினேன். நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். சிங்க்குக்குக் கீழே யாரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே இந்தப் பதிவு.

முதலில் அரளியை முடித்துவிடுகிறேன். செவ்வரளி, வெள்ளை அரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இதயத்தைப் பிடிக்கிற விஷம் உண்டு. துடிப்பு மெதுவாகும், தாளம் தப்பும். மஞ்சள் அரளியின் கொட்டை இதில் மோசம். குழந்தை அதைக் கடித்தது என்று தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் உட்காரக் கூடாது; ஈசிஜி எடுத்து, ஒரு நாளாவது மானிட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும்: அரளி இலை கடுங்கசப்பு. விளையாட்டாக வாயில் வைக்கிற பிள்ளை உடனே துப்பிவிடும். சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் காடு காடாக அரளி பயிரிட்டு, விடியற்காலையில் மொக்குப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் அரளிக்கு நடுவில்தான் வளர்கிறார்கள். வேண்டுமென்றே தின்கிறவர்களின் கதை வேறு. அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. மனசு அந்தப் பக்கம் இழுக்கிறது என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

சரி, எங்கள் வார்டுக்கு என்னதான் வந்தது?

ஒரு காலத்தில் முதலிடம் மண்ணெண்ணெய்க்கு. சித்திரை, வைகாசி வெயிலில் தினம் ஒன்றாவது வரும். ஒன்றரை வயசு, இரண்டு வயசுப் பிள்ளை. தாகம் எடுத்திருக்கும், தரையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்திருக்கும், எடுத்துக் குடித்திருக்கும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு நீலமாவது, வெள்ளையாவது. ஒரு வாய் உள்ளே போகும்போதே புரையேறிவிடும். மண்ணெண்ணெயின் கெடுதல் வயிற்றில் இல்லை, நுரையீரலில். அது கெட்டியில்லாத மெல்லிய எண்ணெய். ஒரு சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் வழுக்கிக்கொண்டு பரவும். அதற்கப்புறம் இருமல், காய்ச்சல், விலா எலும்பு உள்வாங்குகிற மாதிரி வேக மூச்சு.

குடித்ததை விட, குடித்த பிறகு வீட்டில் செய்ததுதான் பல பிள்ளைகளை ஆக்ஸிஜனில் கொண்டுபோய் விட்டது. தொண்டையில் விரல் விடுவார்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் புகட்டுவார்கள். தேங்காய் எண்ணெய் கொடுத்துக் கூட்டி வந்தவர்களும் உண்டு. வாந்தி வந்தால் விஷம் வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. போகும்போது ஒரு தடவை நுரையீரலைத் தொட்ட மண்ணெண்ணெய், வாந்தியில் திரும்பி வரும்போது இரண்டாவது தடவை தொடும். பிள்ளையின் ஈரச் சட்டையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, வாயில் எதுவும் ஊற்றாமல் தூக்கி வந்தாலே பாதி வேலை முடிந்தது. வந்ததும் நாங்களும் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டோம். மூச்சை எண்ணுவோம், நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுப்போம், குறைந்தது ஆறு மணி நேரம் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்போம். இது அப்பாக்களுக்குப் பொறுக்காது. "ஏன் சிஸ்டர் வயித்தைக் கழுவல? ட்யூப் போட்டுக் கழுவினா சரியாயிடும்னு எங்க ஊர்ல சொன்னாங்களே?" என்று சண்டைக்கு வருவார்கள். மண்ணெண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் கழுவக் கூடாது. ட்யூப் போடாத டாக்டரை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்து, இரவோடு இரவாகத் தனியாருக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

கேஸ் அடுப்பு வந்த பிறகு மண்ணெண்ணெய் குறைந்துவிட்டது. பாட்டில் குறையவில்லை. இப்போது அதில் தின்னர் இருக்கிறது, டர்பன்டைன் இருக்கிறது, பினாயில் இருக்கிறது. பெயின்ட் வேலைக்கு வந்தவர் மிச்சத் தின்னரைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போவார். நாம் பத்திரமாக அதை எடுத்துச் சிங்க்குக்குக் கீழே தள்ளி வைப்போம், பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

இதில் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது ஆசிட்டைப் பற்றி நினைத்தால்தான். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் பெரிய கேன்களைக் கட்டிக்கொண்டு "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களிடம் வாங்க நாம் கொண்டு போவது என்ன? காலிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில். அதில் லேபிள்கூட கிழிந்திருக்காது. ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது: யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்றெல்லாம். முகத்தில் ஆசிட் வீசுகிற கொடுமையைத் தடுக்க வந்த உத்தரவு அது. எங்கள் தெருவுக்கு வருகிற வண்டிக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தனி கேனில் விற்கக் கூடாதா என்று அவரிடம் கேட்டேன். "கேன் காசு நீங்க தருவீங்களாம்மா?" என்றார். நான் தருகிறேன் என்று சொன்னதும் சிரித்தார். "நீங்க ஒருத்தர் தருவீங்க. அடுத்த வீட்டம்மா பாட்டிலைத்தான் நீட்டுவாங்க." அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆசிட் குடித்த பிள்ளையைப் பார்த்தால் உடனே தெரியும். உதடு வெளுத்துப் போயிருக்கும், எச்சில் விழுங்க முடியாமல் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். அழக்கூட வாயைத் திறக்காது. ஆனால் அந்த முதல் வாரம் அல்ல இதில் கொடுமை. புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்க ஆரம்பிக்கும். ஒரு பையன், பேர் வேண்டாம், கழிவறைக்கு வாங்கி வைத்த ஆசிட்டைக் குடித்தவன். மூன்று வாரத்தில் நன்றாகி வீட்டுக்குப் போனான். அடுத்த மாதம் அவன் அம்மா கூட்டி வந்தார்கள்: இட்லி இறங்கவில்லை, கரைத்துக் கொடுத்தால் மட்டும் போகிறதாம். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு விரித்து, சில வாரம் கழித்து மறுபடி விரித்து, இப்படியே போனது. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு டப்பாவில் குழைந்த பருப்புச் சோறு, அதையும் அரை அரை ஸ்பூனாக, நடுநடுவே தண்ணீர் குடித்து இறக்குவான். பக்கத்துப் படுக்கைப் பிள்ளை முறுக்குக் கடிப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான்.

ஆசிட்டுக்கு மாற்று என்று சோடா உப்பு கரைத்துக் கொடுப்பது, பிளீச்சுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பது, இதெல்லாம் வேண்டாம். வாயை மட்டும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வண்டியைப் பிடியுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் குழாயடியில் இருபது நிமிஷம் கண்ணைக் கழுவ வேண்டும். எருக்கம்பால், கள்ளிப்பால் கண்ணில் பட்டாலும் அதேதான். வேலி வெட்டப் போனவர்கள் அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டு வருவது எங்கள் பக்கம் சகஜம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. போகிக்கு முந்தின வாரம் பாத்ரூம் கழுவுகிறோம் பேர்வழி என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேல் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புகைந்து வருவது குளோரின். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தில் ஈப்ர என்ற இடத்தில் ஜெர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகள் மேல் திறந்துவிட்டது இதைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு வேறு தேய்ப்பார்கள்!

இனி சாமி அலமாரி. சூடம் விஷம் என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே முறைப்பார்கள். பூஜைக்கு வைக்கிற பொருளாயிற்றே. ஆனால் தவழ்கிற குழந்தைக்கு அது வெள்ளை மிட்டாய். விழுங்கிக் கொஞ்ச நேரத்தில், சில சமயம் கால் மணி நேரத்துக்குள்ளேயே, வலிப்பு வரும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. வாந்தி எடுக்க வைத்தால் அந்த வாந்தியின் நடுவிலேயே வலிப்பு வந்துவிடும் ஆபத்தும் உண்டு. காரணம் தெரியாத வலிப்பு என்று வருகிற குழந்தையின் வாய்க்கருகே குனிந்து மோந்து பார்ப்பது எங்கள் வார்டில் ஒரு வழக்கம். சூட வாசனை அடித்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி. சளிக்குத் தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவுவதும் நல்லதல்ல, தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். தடவுகிற மருந்துகளில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்று அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலேயே வரம்பு வைத்துவிட்டார்கள். யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். மூக்கடைப்புக்குக் கைக்குட்டையில் ஒரு சொட்டு என்றால் பெரியவர்களுக்குச் சரி. பிள்ளை எடுத்துக் குடிக்கிற இடத்தில் அந்தச் சின்ன பாட்டில் இருக்கக் கூடாது.

பீரோவில் போடுகிற அந்துருண்டை கொஞ்சம் வேறு விதம். விழுங்கின அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பிள்ளை வெளிறிப் போய், கண் மஞ்சளாகி, கடுங்காப்பி நிறத்தில் ஒன்றுக்குப் போகும். ஜி6பிடி என்று ஒரு நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். அவர்களுக்கு அந்துருண்டையில் இருக்கிற நாப்தலீன் பட்டால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். விழுங்கவேண்டும் என்றுகூட இல்லை. பிறந்த குழந்தையைப் பழைய மெத்தென்ற வேட்டியில், பாட்டியின் நூல் புடவையில் சுற்றுவோம் இல்லையா? அந்தத் துணி எங்கே இருந்தது? டிரங்குப் பெட்டியில், அந்துருண்டையோடு. பிறந்து நாலாம் நாள் மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போய், ரத்தம் மாற்றுகிற நிலைமைக்கு வந்த குழந்தையின் தொட்டில் துணியை டாக்டர் கையில் எடுத்து மோந்து பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. மாசமாக இருக்கும் பெண் வீட்டில் இருந்தால், அந்தத் துணிகளை இப்போதே துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டு, அந்துருண்டை இல்லாத இடத்தில் மடித்து வையுங்கள்.

வேப்பெண்ணெயைச் சொன்னால் கமென்டில் திட்டு விழும், தெரியும். விழட்டும். வேப்பமரத்தின் மேல் எனக்கும் பக்தி உண்டு, அம்மை போட்ட பிள்ளைக்கு இலை பரப்புவதில் எந்தத் தகராறும் இல்லை. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயைப் புகட்டுவதுதான் தகராறு. சளிக்கு, பூச்சிக்கு என்று சங்கில் விட்டுப் புகட்டுகிறார்கள். மலேசியாவில் இப்படிப் புகட்டப்பட்டு வாந்தி, மயக்கம், வலிப்பு என்று வந்த குழந்தைகளைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் 1981-இலேயே எழுதிவிட்டார்கள். ஈரலும் மூளையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தன. நாட்டு மருந்து, பக்க விளைவு இல்லை என்கிற வாக்கியத்தை நம்புகிறவர்கள் கைக்குழந்தைகளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கலாம். உரைமருந்தில் சேர்க்கும் வசம்பையும் அமெரிக்காவில் 1968-இல் உணவில் சேர்க்கத் தடை செய்துவிட்டார்கள்.

எலிக்கு வைப்பதைச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் பழைய ட்யூப் பல வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். தேங்காய்ச் சில்லில், பஜ்ஜித் துண்டில் தடவி மூலையில் வைக்கிறோம், எலிக்குப் பிடிக்கும் என்று. தவழும் குழந்தைக்கும் அது பிடிக்கும். முதல் நாள் கொஞ்சம் வாந்தி, அப்புறம் ஓடியாடி விளையாடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துப் போகத் துடிப்பார்கள். அந்த நல்ல நாள்தான் ஏமாற்று நாள். ஈரல் பழுதாவது அதற்குப் பிறகுதான் தெரியும். வாயில் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவு சொல்லியும் மாத்திரைக்கு வரவில்லை. இன்றைக்கு வீட்டுக்குள் இருக்கிற விஷத்தில் முதலிடம் கேட்டால் நான் தாத்தா பாட்டியின் மாத்திரையைத்தான் சொல்வேன். டிவி ஸ்டாண்டில், தலையணைக்கு அடியில், கைப்பையில் இருக்கும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை வகைகளில் சில, ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளைக்குச் சர்க்கரையை மணிக்கணக்காக இறக்கிக்கொண்டே போகும். குடித்த உடனே அல்ல, ராத்திரித் தூக்கத்திலும் இறங்கலாம். அதனால் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை இன்னொன்று. அம்மா பாதியைச் சாப்பிடாமல் சேர்த்து வைத்திருப்பாள், மூத்த பிள்ளை மிட்டாய் என்று எண்ணித் தின்னும். ரத்த வாந்தி வருகிற அளவுக்குப் போகக்கூடியது. சத்து மாத்திரைதானே என்று அதை யாரும் ஒளித்து வைப்பதே இல்லை. பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது "மிட்டாய் சாப்பிடுடா கண்ணு" என்று ஏமாற்றிக் கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

செடி எதுவுமே வரவில்லையா என்றால், வந்தது. கும்பலாக வந்தது. காட்டாமணக்கு. மத்தியான இடைவேளையில் பள்ளிக்கூட வேலி ஓரம் ஒரு பிள்ளை கொட்டையை உடைத்துத் தின்று பார்க்கும், வேர்க்கடலை ருசி அடிக்கும், கூட இருக்கிற அத்தனை பேருக்கும் பங்கு வைக்கும். மூன்று மணிக்கெல்லாம் ஒரே ஆட்டோவில் ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. டீச்சருக்கு முகத்தில் ரத்தமே இருக்காது. வரிசையாகப் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றுவோம். பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 2003 வாக்கில் பயோடீசல் எடுக்கலாம் என்று அரசாங்கமே காட்டாமணக்கு பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தது. டீசல் வந்ததோ இல்லையோ, கொட்டை எல்லா ஊரிலும் கிடைத்தது.

ஆமணக்கும் குன்றிமணியும் அதைவிடக் கொடியவை. ஆனால் இரண்டுக்கும் மேல்தோல் கெட்டி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும், கடித்து மென்றால்தான் ஆபத்து. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது குன்றிமணியில்தானே? மிச்சக் கொட்டைகளைப் பூஜை முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள், பிள்ளையாரைக் கரைக்கிறவரைக்கும் அந்தக் கண் மேலும் ஒரு கண் இருக்கட்டும். துளை போட்டு மாலையாகக் கோத்தது இன்னும் மோசம், கெட்டித் தோலின் காவல் அதோடு போயிற்று. 2011-இல் பிரிட்டனில் இந்தக் கொட்டையில் கோத்த கைவளையல்களை விற்றுவிட்டு, விஷயம் தெரிந்ததும் திரும்பத் தரச்சொல்லி வாங்கியவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் அடுக்ககத்தின் லிப்ட் ஓரத்தில் தொட்டியில் நிற்கிறதே, பெரிய இலையில் வெள்ளைத் திட்டுத் திட்டாக இருக்கும் செடி, டிஃபன்பேக்கியா, அதைப் பிடுங்கச் சொல்லி ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. அந்த இலையைக் கடித்த குழந்தைக்கு உதடும் நாக்கும் உடனே வீங்கி, கத்தும். உள்ளே இருப்பது ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். சேப்பங்கிழங்கும் கருணையும் சரியாக வேகாவிட்டால் நாக்கை அரிப்பதும் இதனால்தான். மணி பிளான்ட்டிலும் இது உண்டு. வாயைத் துடைத்துவிட்டு, குளிர்ந்த தயிரோ பாலோ கொடுத்தால் அநேகமாகத் தணிந்துவிடும். மூச்சுத் திணறினாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ மட்டும் ஓட வேண்டும்.

பயப்படத் தேவையில்லாததற்கும் ஓடி வருவார்கள். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் விஷமே இல்லை, தொண்டையில் அடைக்காமல் இருந்தால் போதும். பென்சிலில் இருப்பது ஈயம் அல்ல, கிராஃபைட். தெர்மாமீட்டரைக் கடித்து உடைத்துப் பாதரசத்தை விழுங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடும்பமே அழுதுகொண்டு வரும். கண்ணாடித் துண்டு வாயைக் கிழித்திருக்கிறதா என்று பார்ப்போம், விழுங்கிய பாதரசம் குடலில் ஒட்டாமல் வெளியே போய்விடும். வீட்டுத் தரையில் சிந்தியிருக்கிறதே, அதுதான் கவலை. துடைப்பத்தால் பெருக்கினால் துளித்துளியாகச் சிதறி, ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருட்டிச் சேர்த்து, மூடி போட்ட பாட்டிலில் அடைக்க வேண்டும். அந்த பாட்டில் தயவுசெய்து கூல்டிரிங்க்ஸ் பாட்டிலாக இருக்க வேண்டாம்.

எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் சிலர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்கள்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவது? பிள்ளை மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ நேராக 108. நன்றாக இருக்கிறது, ஆனால் எதையோ விழுங்கிவிட்டது என்றால் டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117, கட்டணம் இல்லை, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசத் தெரிந்தவர் வீட்டில் யார் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தையின் வயசு, எடை, என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எப்போது என்று கேட்பார்கள். எடை தெரியாது என்று முழிக்கிற அம்மாக்கள்தான் அதிகம். தடுப்பூசி அட்டையில் கடைசியாக எழுதியது இருக்கும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் பாட்டிலையோ, மாத்திரை அட்டையையோ, கடித்த செடியின் ஒரு கிளையையோ கையோடு எடுத்துப் போங்கள். வாந்தி துடைத்த துண்டை மடித்துக் கொண்டு வருகிறவர்கள், மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். அந்த அட்டையைத் தேடி எடுத்து வர அப்பாவை மறுபடி வீட்டுக்கு அனுப்புவோம், பஸ் இல்லாத நேரத்தில்.